ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்: கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்குக்குத் தயாராகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் "எனக்கு இலக்கணம் வராது" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கட்டுரையை வாங்கிப் பார்த்தால் இலக்கணம் அப்படியொன்றும் மோசமாக இருக்காது. கேள்வி ஒன்று கேட்டிருக்கும், பதில் வேறொன்றுக்கு எழுதப்பட்டிருக்கும். மதிப்பெண் போவது அங்கேதான்.

முதலில், நீங்கள் சேர விரும்பும் படிப்பின் சேர்க்கை விதிகளைப் பார்த்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொத்த பேண்ட் (தேர்வின் தர மதிப்பெண்) எவ்வளவு வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும். இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. கேட்டலில் 7.5, வாசிப்பில் 7, எழுத்தில் 6, பேச்சில் 6.5 வாங்கினால் சராசரி 6.75, அது 7 என்று ஏற்றப்படும். ஆனால் எதிலும் 6.5க்குக் குறையக்கூடாது என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தால், அந்த 7 செல்லாது. அதனால் எந்தப் பகுதி உங்களைக் கீழே இழுக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு முழு மாதிரித் தேர்வை, கடிகாரத்தை எதிரில் வைத்து, நடுவில் எழாமல் எழுதிப் பாருங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு அது எழுத்துப் பகுதியாகத்தான் இருக்கும். 60 நிமிடத்தில் இரண்டு பணிகள். முதலாவது, வரைபடத்தையோ அட்டவணையையோ குறைந்தது 150 சொற்களில் விவரிப்பது. இரண்டாவது, குறைந்தது 250 சொற்களில் கட்டுரை. கட்டுரைக்கு இரண்டு மடங்கு எடை உண்டு என்பதால் அதற்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். "பல்கலைக்கழகக் கல்வி எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும். இதை நீங்கள் எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?" என் மேசைக்கு வரும் கட்டுரைகளில் பாதி, கல்வியின் பெருமையை நான்கு வரி பாடிவிட்டு, அதன் நன்மைகள், தீமைகள் என்று போய் முடிந்துவிடும். எழுதியவர் ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று கடைசிவரை தெரியாது. கேள்வியில் மூன்று இடங்களில் அடிக்கோடு போடுங்கள்: எல்லோருக்கும், இலவசமாக, எந்த அளவுக்கு. "கட்ட முடியாதவர்களுக்கு இலவசம் வேண்டும், வசதியுள்ளவர்களுக்கு வேண்டாம்" என்பது தெளிவான நிலைப்பாடு. அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு பத்திகளில் ஒவ்வொன்றிலும் அதன் ஒரு பாதியைக் காரணத்தோடும் எடுத்துக்காட்டோடும் விளக்குங்கள். முதல் ஐந்து நிமிடத்தை இந்தத் திட்டத்துக்கே கொடுங்கள்.

மனப்பாடம் செய்த வாக்கியங்களை ஒட்டவைக்க வேண்டாம். "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்கும் பத்தியைப் படித்து எனக்கே சலித்துவிட்டது. தேர்வாளருக்குக் கேட்கவா வேண்டும்? மனப்பாடப் பகுதிகளைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பயிற்சியும் இருக்கிறது.

வரைபடப் பணியில் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் வரிசையாக ஒப்பிப்பது வீண். நிலக்கரி மின்சாரம் தொடர்ந்து சரிந்தது, காற்றாலை மின்சாரம் ஏறி அதை முந்தியது என்றால், அந்த இரண்டையும் முதலில் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அதற்கு ஆதாரமான எண்கள் மட்டும் பின்னால் வரட்டும். சரிவுக்கு உங்கள் ஊகக் காரணம் எதையும் சேர்க்காதீர்கள், யாரும் கேட்கவில்லை.

கடைசி நான்கு நிமிடம் திருத்துவதற்கு. பன்மையில் 'எஸ்', பெயர்ச்சொல்லுக்கு முன் 'ஏ', 'தி', வினைச்சொல்லின் காலம் ஆகிய மூன்றை மட்டும் தேடுங்கள். தமிழில் யோசித்து எழுதும் நமக்கு நழுவுகிறவை பெரும்பாலும் இவைதான்.

வாசிப்பில் மூன்று உரைப்பகுதிகள், 40 கேள்விகள், 60 நிமிடம். பலரைக் கவிழ்ப்பது 'சரி, தவறு, சொல்லப்படவில்லை' என்ற வகை. "அந்த ஆலையில் ஆண்களும் பெண்களும் வேலை செய்தார்கள்" என்று உரைப்பகுதியில் இருக்கிறது என்று வையுங்கள். "ஆண்கள் மட்டுமே வேலை செய்தார்கள்" என்பது தவறு. "பெண்களுக்குக் கூலி குறைவு" என்பதோ சொல்லப்படவில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த அறிவுக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. எந்த வரியை வைத்துப் பதில் சொன்னீர்கள் என்று விரலை வைத்துக் காட்ட முடியாவிட்டால், அது உங்கள் ஊகம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எதையும் காலியாக மட்டும் விடாதீர்கள்.

கேட்டலில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். ஒரு விடை தப்பினால் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். அதையே நினைத்துக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு போகும். இரண்டு சொற்களுக்கு மிகாமல் என்று கேட்டிருந்தால் மூன்று எழுதியது தவறுதான். எழுத்துப்பிழையும் அப்படியே.

பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். நடுப் பகுதியில் தலைப்பும் குறிப்புகளும் உள்ள ஓர் அட்டையைக் கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடமும் பேச இரண்டு நிமிடம் வரையும் தருவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதாதீர்கள். அட்டையில் உள்ள ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே ஒரு சொல் போதும். வீட்டில் கைபேசியில் பதிவு செய்து, எங்கே தடுமாறுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரர் போலப் பேச முயல வேண்டாம். உச்சரிப்பில், சொல்வது புரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நேரம் முடிந்து தேர்வாளர் இடைமறித்தால் கலங்காதீர்கள், அது அவருடைய கடமை.

தாளில் எழுதுவதா கணினியிலா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்கள் மையத்தில் இருந்தால், உங்கள் தட்டச்சு வேகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கேட்டல் பகுதி தாளில் என்றால் விடைகளை மாற்றி எழுதப் பத்து நிமிடம் தருவார்கள், கணினியில் சரிபார்க்க இரண்டே நிமிடம். பதிவு செய்யும்போது கொடுத்த அதே அடையாள ஆவணத்தைத் தேர்வு நாளில் எடுத்துப் போங்கள். அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.