டீபாய் மேல் ஒரு பின்-அப் படம்: முதன்முறை ஒட்டுபவர்களுக்கு

1940, 50களில் அமெரிக்காவின் மெக்கானிக் ஷெட்டுகளில் தொங்கிய காலண்டர்களில் சிரித்த பெண்களைப் பார்த்திருப்பீர்கள். குண்டூசி குத்திச் சுவரில் மாட்டியதால் அவற்றுக்கு பின்-அப் என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்தவர் கில் எல்வ்கிரென். செயின்ட் பால் நகர பிரவுன் அண்ட் பிகலோ காலண்டர் நிறுவனத்துக்காக எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர். பெண்களும் வரைந்திருக்கிறார்கள். ஸோயி மோஸெர்ட் கண்ணாடி முன் நின்று தன்னையே மாடலாக்கிக்கொண்டவர்.

இந்தப் படங்களில் ஒன்றைப் பழைய மர டீபாய் மேல் ஒட்டுவோம். வேலை கொஞ்சம்தான், காயக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள்.

முதலில் படம். உங்களிடம் அசல் காலண்டர் தாள் இருந்தால் தயவுசெய்து அதில் கத்தரி வைக்காதீர்கள். வெட்டிவிட்டால் போனதுதான். ஸ்கேன் செய்து, சாதாரண ஏ4 தாளில் லேசர் கலர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் வேண்டாம். நான் முதலில் அதில்தான் எடுத்தேன். பசையின் ஈரம் பட்டதும் உதட்டுச் சிவப்பு கரைந்து தாடைவரை இறங்கிவிட்டது. பளபளக்கும் போட்டோ தாளும் தடிமன் என்பதால் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒரே பெண், பின்னணியில் எதுவும் இல்லாத படமாகத் தேர்ந்தெடுங்கள். 18 அங்குல டீபாய்க்கு 11 அங்குல உருவம் அளவாக இருக்கும். சுற்றிலும் இடம் விட்டால்தான் படம் மூச்சு விடும். நாலைந்து படங்களை நெருக்கி ஒட்டினால் எந்த முகமும் கண்ணில் நிற்காது.

அடுத்து மரம். 120 நம்பர் உப்புத்தாளால் பழைய வார்னிஷைத் தேய்த்து எடுத்து, 220இல் வழவழப்பாக்கி, தூசி போகத் துடையுங்கள். மேலே அக்ரிலிக் பெயின்ட் இரண்டு பூச்சு. வெள்ளை வேண்டாம், கிரீம் நிறம் அடியுங்கள். பழைய தாளின் நிறம் அதுதான்.

இப்போது வெட்டுதல். இதில் மட்டும் அவசரமே கூடாது. சிறிய, கூரான கத்தரியை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு தாளைத் திருப்புங்கள். விரல்களுக்கு இடையே உள்ள இடுக்கு, இடுப்பில் கைவைத்திருந்தால் அந்த முக்கோண இடைவெளி, இவற்றை முதலில் பேனாக் கத்தியால் வெட்டி எடுத்துவிடுங்கள். வெளிக்கோடு கடைசியில். கூந்தலை மயிரிழையாக வெட்ட முயல வேண்டாம், வளைவை மட்டும் பின்பற்றினால் போதும். வெட்டிய ஓரம் வெள்ளையாகத் தெரிந்தால் அதே நிற கலர் பென்சிலால் ஓரத்தை மட்டும் தீட்டிவிடுங்கள்.

சரி, ஒட்டலாம். ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மரத்திலும் தாளின் பின்பக்கமும் மெல்லிசாகத் தடவி, முகத்தை முதலில் பதியுங்கள். அங்கே சுருக்கம் விழுந்தால் மொத்தமும் வீண். அப்புறம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பழைய ஏடிஎம் கார்டால் மெதுவாகத் தள்ளுங்கள். குமிழ் நின்றால் ஊசியால் ஒரு குத்து, விரலால் ஓர் அழுத்து. ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

கடைசியாக, வாட்டர்-பேஸ்ட் (தண்ணீர் அடிப்படையிலான) வார்னிஷ் ஐந்து பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். மூன்றாவது நன்றாகக் காய்ந்ததும் 400 உப்புத்தாளை லேசாக ஓட்டினால் தாளின் விளிம்பு கைக்குத் தட்டுப்படாது. ஒரு வாரம் அதன் மேல் எதையும் வைக்க வேண்டாம். பிறகும் சூடான டம்ளருக்கு அடியில் ஒரு தட்டு இருக்கட்டும்.

அந்த ஒரு வாரத்தில் கால்களுக்கு வண்ணம் அடித்துவிடலாம். படத்தில் அவள் போட்டிருக்கும் செருப்பு என்ன நிறமோ, அதே நிறம்.