நகர ஏரியை மீட்க எங்கிருந்து தொடங்குவது?

2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு காத்திருந்தது. மழைநீர் தங்கும் இடங்களும் அவற்றை இணைத்த கால்வாய்களும் சுருங்கிப்போனது இவ்விரு துயரங்களுக்கும் பொதுவான காரணங்களுள் ஒன்று. ஆகவே, தங்கள் பகுதி ஏரியை மீட்க விரும்பும் குடியிருப்போர் சங்கத்தினர், மண்வெட்டியை எடுப்பதற்கு முன் நீரின் வழியைத் தேட வேண்டும்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் பெற்று, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, ஏரி நிரம்பியதும் உபரிநீர் வெளியேறும் கலங்கலில் வழியும் நீர் அடுத்து எந்த ஏரிக்குப் போக வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மழை பெய்து ஓய்ந்ததும் அதே தடத்தில் நடந்து பாருங்கள். வரைபடத்தில் கால்வாயாக இருப்பது தரையில் சாலையாகவோ சுற்றுச்சுவராகவோ மாறியிருக்கும் இடங்கள்தாம் உங்கள் முதல் வேலை. வரத்துக்கால் அடைபட்டிருக்கும்போது ஏரியை மட்டும் தூர்வாருவது வீண் செலவு என்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது கழிவுநீர். அது ஆண்டு முழுவதும் நிறைந்து நிற்கும் ஏரியில் மழைநீருக்கு இடமில்லை. அதிலுள்ள சத்துகளை உண்டு வளரும் ஆகாயத்தாமரையும், எத்தனை முறை அகற்றினாலும், கழிவு வந்துகொண்டிருக்கும்வரை திரும்ப முளைக்கும்.

தூர்வாருவதை உரிய துறையின் அனுமதியுடன் கோடையில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிட வேண்டும். கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டிக் கான்கிரீட் பூசாமல், மெல்லச் சரியும் ஆழமற்ற விளிம்பாக விட்டால், கோரையும் சம்பும் வேரூன்றி வண்டலைத் தடுக்கும்; நீர்ப்பறவைகளும் இரை தேடி இறங்கும். கலங்கலின் மட்டத்தை மட்டும், கூடுதல் நீர் சேரும் என்ற ஆசையில், ஒருபோதும் உயர்த்தாதீர்கள்: கரைக்கு ஆபத்து, மேற்புறத் தெருக்களுக்கு வெள்ளம்.

மரங்களில் பனையும் புங்கனும் நாவலும் நீர்மருதும் இம்மண்ணுக்கு ஏற்றவை. கரைச் சரிவுக்கு வெட்டிவேர் நல்லது. 2016இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வேர் பரவ இடமில்லாத மரம் புயலில் எளிதில் சாயும். எனவே நடைபாதை அமைத்தாலும் அடிமரம்வரை சிமென்ட் பூசாமல், வேர் பரவவும் மழை இறங்கவும் மண்ணைத் திறந்து விடுங்கள். அத்தகைய மரங்களின் நிழலும் இலைகள் வெளிவிடும் ஈரமும் கோடையில் சுற்றுத்தெருக்களின் வெப்பத்தைத் தணிக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் வரத்துக்காலையும் மதகையும் சுத்தம் செய்யும் பொறுப்பைச் சங்கத்தில் யார் ஏற்பது என்பதை, முதல் கூட்டத்திலேயே எழுத்தில் முடிவுசெய்யுங்கள்.