கடற்பஞ்சில் புதிய பாக்டீரியாவா? பெயர் வைக்குமுன் கவனிக்க வேண்டிய தவறுகள்

‘இது பஞ்சுக்குள் வாழ்கிற பாக்டீரியா’ என்பது ஒரு கூற்று. ‘இது புதிய இனம்’ என்பது வேறொரு கூற்று. இரண்டுக்கும் தனித்தனியாகச் சான்று வேண்டும். பெரும்பாலான தவறுகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் வருகின்றன.

பலர் சேகரிக்கும்போதே கோட்டை விடுகிறார்கள். கடற்பஞ்சு ஓயாமல் கடல்நீரை உள்ளிழுத்து வடிகட்டித் தின்கிற உயிரி. அதன் குழல்களில் குடியிருப்பவையும் இருக்கும், இரையாக வந்தவையும் இருக்கும். எனவே துண்டைக் கிருமி நீக்கிய கடல்நீரில் பலமுறை அலசி, மேற்பரப்பைச் சீவிவிட்டு, உள்சதையை மட்டும் எடுங்கள். அதே இடத்துக் கடல்நீரும் ஒரு பாட்டில் வேண்டும், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலேயே அந்நிய பாக்டீரியா டிஎன்ஏ இருக்கும் என்பதால், மாதிரி போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

மரைன் அகார் (கடல் பாக்டீரியாவை வளர்க்கும் கூழ்) தட்டில் விப்ரியோ போன்ற வேகமாக வளரும் பாக்டீரியா இரண்டு நாளில் பரவிவிடும். அவற்றை எடுத்துக்கொண்டு தட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மெதுவாக வளரும் ஆக்டினோபாக்டீரியா தலைகாட்டச் சில வாரங்கள்கூட ஆகும்.

அடுத்தது 16எஸ் மரபணு, அதாவது எல்லா பாக்டீரியாவிலும் இருப்பதால் இனம் காண ஒப்பிட்டுப் பார்க்கும் மரபணு. சுமார் 1,500 எழுத்துகள் கொண்ட அதில் 400, 500 எழுத்துகளை மட்டும் படித்துவிட்டு, பிளாஸ்ட்டில் (டிஎன்ஏ வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் கருவி) 97% ஒற்றுமை வந்தது, ஆகவே புதியது என்று எழுதுவது ரொம்பவே அவசரம். முழு நீளத்தைப் படித்து, முறைப்படி பெயரிடப்பட்ட இனங்களின் மூலத் திரிபுகளோடு (இனத்துக்கு அடையாளமாக வைக்கப்பட்ட வளர்ப்புகள்) ஒப்பிடுங்கள். ஒற்றுமை 98.7%-க்குக் கீழே இருந்தால் புதிய இனமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மேலே இருந்தாலும் அதே இனம் என்று முடிவுகட்ட முடியாது: பேசில்லஸ் சீரியஸ், பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் இரண்டுக்கும் 16எஸ் கிட்டத்தட்ட ஒன்றேதான். அங்கே முழு ஜீனோம்தான் (உயிரியின் மொத்த டிஎன்ஏ) கைகொடுக்கும். இரு ஜீனோம்களின் பொதுப் பகுதிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக் கணக்கிடும் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 95-96%-க்குக் கீழே வந்தால் வேறு இனம்.

தியோனெல்லா ஸ்வின்ஹோயி என்ற பஞ்சின் கதையை இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதிலுள்ள மருந்துத்தன்மை கொண்ட சேர்மங்களைச் சயனோபாக்டீரியாதான் செய்கிறது என்று சந்தேகித்தார்கள். 1996-ல் பலாவ் தீவுப் பஞ்சின் செல்களை வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, சயனோபாக்டீரியாவில் அவை இல்லை. தியோபலாவமைடு என்ற சேர்மம் இழை வடிவ பாக்டீரியாவில் இருந்தது. 2000-ல் 16எஸ்ஸை வைத்து அந்த இழைகளை டெல்டா புரோட்டியோபாக்டீரியா என்ற பாக்டீரியாப் பிரிவில் சேர்த்து, என்டோதியோனெல்லா என்று பெயரிட்டார்கள். 2014-ல் ஜீனோம் வந்தபோது அந்த வகைப்பாடும் நிற்கவில்லை. டெக்டோமைக்ரோபியா என்ற தனித் தொகுதியையே முன்மொழிய வேண்டியதாயிற்று.

சரி, எல்லாம் பொருந்தி வருகிறது என்றால்? பாக்டீரியாப் பெயரிடல் விதிப்படி, உயிருள்ள மூலத் திரிபை இரு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். வளர்க்க முடியாதவற்றைக் ‘கேண்டிடேட்டஸ்’ என்ற அடைமொழியோடு எழுதுங்கள். தூய காலனி கிடைத்த அன்றே கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள். திரிபு செத்துப்போனால் ஒப்படைக்க எதுவும் இருக்காது.