வீட்டில் லேன் பார்ட்டி வைப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் மறுபடி லேன் பார்ட்டி பக்கம், அதாவது ஆளுக்கொரு சிபியுவை ஒரே வீட்டுக்குத் தூக்கி வந்து கேபிளில் இணைத்து கேம் ஆடும் பக்கம் வந்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ப்ரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடி வளர்ந்தவர்களுக்கு, பக்கத்து நாற்காலிக்காரனையே சுட்டுவிட்டு அவன் திட்டுவதை நேரில் கேட்கும் சுகம் தெரியும். ஆனால் இவர்கள் போடும் திட்டத்தைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. எத்தனை பேர், என்ன கேம், எந்தக் கடை பிரியாணி, எல்லாம் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. யார் எந்த பிளக் போர்டில் செருகுவது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அந்தக் காலத்தில் நாங்களும் கேட்டதில்லை.

மவுஸ் எடுத்துவர மறக்காதீர்கள், நாற்காலி போதுமா பாருங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

## ஒரே போர்டில் எல்லாவற்றையும் செருகுவது

இதைப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. ஹாலில் டிவி பக்கத்தில் இருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்ப்ஸ். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட்ஸ். ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட சிபியு, மானிட்டரோடு சேர்த்து, கேம் ஓடும்போது 300 முதல் 400 வாட்ஸ் இழுக்கும். சும்மா டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் நூறைச் சுற்றித்தான். அதனால் எல்லோரும் வந்து, செருகி, ஆன் செய்து, "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்று சொல்லும்போது உண்மையிலேயே ஒன்றும் ஆகியிருக்காது. ஏழு பேரும் ஒரே மேட்சில் இறங்கிய பிறகுதான் 2000 வாட்ஸைத் தாண்டும்.

"அதுக்குத்தான் எம்சிபி இருக்கே, ட்ரிப் ஆயிடும்ல" என்பார்கள். எம்சிபி என்றால் லோடு கூடினால் தானாக அணையும் ஸ்விட்ச்தான். ஆனால் 6 ஆம்ப்ஸ் எம்சிபி 6.1 ஆனதும் விழுந்துவிடாது. 13 சதவீதம் கூடுதலாக ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு விழக் கூடாது, 45 சதவீதம் கூடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும், இதுதான் அதற்கான தர விதி. நடுவில் இருந்தால் அதன் இஷ்டம். அந்த நேரம் முழுக்க சூடாகிக்கொண்டிருப்பது பிளக்கின் பின்னும், பாயிண்டுக்குள் அதைப் பிடித்திருக்கும் பித்தளைத் தகடும். போதாததற்கு நிறைய வீடுகளில் அந்த லைனுக்கு 10 அல்லது 16 ஆம்ப்ஸ் எம்சிபி போட்டு வைத்திருப்பார்கள். பாயிண்ட் உருகினாலும் அது அசையாது.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டின் மாடி, வாடகைக்கு இருந்த ஜூனியர் ஒருவன் ஏற்பாடு செய்தது. விருந்தாளியாகப் போயிருந்தேன். ஏழு சிபியு, ஒரே போர்டு, ஒரு ஜங்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொரு ஜங்ஷன் பாக்ஸ், அதிலிருந்து மூன்றாவது. எம்சிபி எல்லாம் கிடையாது, மீட்டர் பக்கத்தில் பீங்கான் ப்யூஸ் கட்டைதான். ஆரம்பத்திலேயே இரண்டு முறை ப்யூஸ் போனது. வந்தவர்களில் ஒரு புத்திசாலி கீழே இறங்கிப் போய், இருந்த கம்பியைக் கழற்றிவிட்டு, பழைய ஒயரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை நாலைந்து இழை முறுக்கிக் கட்டிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு ப்யூஸ் போகவே இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் அப்போதே எழுந்து வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும், சொல்லிப் பார்த்ததோடு சரி. கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது. கொசுவர்த்தி என்றார்கள். லைட் இரண்டு முறை மங்கியது, ஈபியைத் திட்டினார்கள். பிறகு சோபாவுக்குப் பின்னால் 'பட்' என்று ஒரு சத்தம், ஹால் முழுக்க இருட்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் பிளக் பாயிண்டுக்குள்ளேயே உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்தால் போர்டே கையோடு வருகிறது. சுவரில் ஒரு முழ உயரத்துக்குக் கரி. ஒரு பையனின் பவர் சப்ளை போய்விட்டது, போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. வயரிங் செலவை ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். அவர்மேல் குற்றமே சொல்ல மாட்டேன்.

எரிச்சல் எங்கே வருகிறதென்றால், இவ்வளவும் தெரிந்த பிறகும் போன வாரம் ஒருத்தன் பெருமையாக ஒரு படம் அனுப்புகிறான், "செட்டப் ரெடிண்ணா" என்று. படத்தில் ஜங்ஷன் பாக்ஸில் செருகிய ஜங்ஷன் பாக்ஸ். அதன் ஒயர் நல்லா இறுக்கிச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அழகாக மெத்தைக்கு அடியில்.

சரி, என்ன செய்யலாம்? பார்ட்டிக்கு முந்தைய நாள் பகலில் எம்சிபி ஒவ்வொன்றையும் அணைத்து, எந்தெந்த பாயிண்ட் சாகிறது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பெட்ரூமும் ஹாலும் ஒரே லைனில் இருப்பது அப்போதுதான் தெரியும். பிறகு வீட்டில் உள்ள பெரிய பிளக்குகளைத் தேடுங்கள்: ஏசி பாயிண்ட், வாஷிங் மெஷின் பாயிண்ட், கிச்சனில் மைக்ரோவேவ் அவனுக்காகப் போட்டது. இவை 15, 16 ஆம்ப்ஸ், ஒழுங்காக வயரிங் செய்த வீட்டில் தனி லைனில் வரும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, 2.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் ஒயரில் 16 ஆம்ப்ஸ் பிளக் டாப் போட்டு ஒரு எக்ஸ்டென்ஷன் செய்துகொள்ளுங்கள். பல வருஷம் உழைக்கும். ஒன்றில் நாலைந்து சிபியுவுக்கு மேல் வேண்டாம். ஒயரை முழுசாகப் பிரித்துத் தரையில் போடுங்கள், சுருளாக வைத்தால் சூடு வெளியேற வழியில்லை. ஆட்டம் தொடங்கி அரை மணி கழித்து ஒருத்தர் எழுந்து ஒவ்வொரு பிளக் தலையையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் மேட்ச் எந்த ரவுண்டில் இருந்தாலும் நிறுத்துங்கள்.

த்ரீ ஃபேஸ் வீடாக இருந்தால் இன்னும் வசதி, லோடைப் பிரிக்கலாம். ஆனால் நடுவில் ஒரு ஃபேஸ் போனால் சேஞ்ச்ஓவரைத் திருப்பி எல்லாவற்றையும் மிச்சமுள்ள ஃபேஸில் போடும் பழக்கம் நமக்கெல்லாம் கையிலேயே இருக்கிறது. அன்றைக்கு மட்டும் அதைத் தொடாதீர்கள்.

அப்புறம், மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் அந்தக் குட்டி அடாப்டர். அதைப் போட்டால் எர்த் கிடையாது. கேபினெட்டில் முழங்கை பட்டதும் சுருக்கென்று ஒன்று அடிக்கும், அது இதனால்தான்.

## இன்வெர்ட்டரை நம்புவது

850 விஏ இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான். வேண்டுமானால் ஒரு 600 விஏ யுபிஎஸ் வாங்கி நெட்வொர்க் ஸ்விட்சையும் (எல்லா சிபியுவின் கேபிளும் வந்து சேரும் பெட்டி) ரௌட்டரையும், கேமை ஹோஸ்ட் செய்யும் ஒரே ஒரு சிபியுவையும் அதில் போடுங்கள். பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும், அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

## "அங்க வந்து இன்ஸ்டால் பண்ணிக்கிறேன்"

மாட்டான். அதாவது பண்ணுவான், விடியும்போது முடியும். எட்டுப் பேர், ஆளுக்கு 50 ஜிபி, 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் மொத்தம் பத்து மணி நேரம். கேம் வாங்கி டவுன்லோட் செய்யும் ஸ்டீம் ஆப்பில் 2023ல் ஒரு நல்ல வசதி வந்தது: ஒரு சிபியுவில் கேம் இருந்தால் மற்றவை அதே நெட்வொர்க்கில் அதனிடமிருந்து இழுத்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் யாருக்கெல்லாம் தரலாம் என்பதை முன்பே திறந்து வையுங்கள், கொடுக்கும் சிபியு முழுசாக அப்டேட் ஆகியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் ஸ்விட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் ரகமாக இருந்தால் 50 ஜிபிக்கு ஒன்றேகால் மணி நேரம். கிகாபிட் என்றால், எஸ்எஸ்டி நன்றாக இருக்கும்பட்சத்தில், எட்டு நிமிடம். எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிரியாணி பில்லை விடக் குறைவாகக் கிடைக்கும். ஸ்விட்ச் கிகாபிட், ஆனாலும் 100தான் காட்டுகிறது என்றால் கேபிளைப் பாருங்கள். உள்ளே எட்டு இழையும் சரியாக க்ரிம்ப் ஆகியிருக்க வேண்டும், ஒன்று விட்டாலும் வேகம் சத்தமில்லாமல் இறங்கிவிடும்.

## லேனில் ஆட முடியாத கேமை வைத்து லேன் பார்ட்டி

வேலொரன்ட்டுக்கு லேன் மோட் கிடையாது, ஒரே அறையில் பத்துப் பேர் இருந்தாலும் எல்லோரும் வெளியே உள்ள சர்வருக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். ஸ்டார்கிராஃப்ட் 2 வந்த 2010லேயே லேனை எடுத்துவிட்டார்கள். நெட் போனால் பார்ட்டி முடிந்தது. அதனால் நெட் இல்லாமல் ஓடும் ஒன்றையாவது கைவசம் வைத்திருங்கள்: கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6, 1999ன் பழைய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (எட்டுப் பேர் ஆடலாம்). எல்லோரிடமும் ஒரே வெர்ஷன் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். ஒருத்தனிடம் மட்டும் வேறு பேட்ச் இருந்தால் அவனுக்கு லிஸ்ட்டில் கேமே தெரியாது, எல்லோரும் சேர்ந்து கேபிளைச் சந்தேகப்படுவார்கள்.

## வைஃபை

வேண்டாம்.

## பழைய ரௌட்டரை ஸ்விட்சாகப் பயன்படுத்துவது

செய்யலாம், ஆனால் அதன் டிஹெச்சிபியை (ஒவ்வொரு சிபியுவுக்கும் ஐபி முகவரி தரும் வேலை) அணைத்துவிட்டு, வேன் போர்ட்டை (வெளியிலிருந்து நெட் லைன் வரும் ஓட்டை) தொடாமல், லேன் போர்ட்களில் மட்டும் செருக வேண்டும். இல்லையென்றால் பாதிப் பேருக்கு 192.168.0 என்றும் மீதிப் பேருக்கு 192.168.1 என்றும் ஐபி வரும், இரண்டு கோஷ்டியும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது. 169.254 என்று தொடங்கினால் அந்த சிபியுவுக்கு யாருமே ஐபி தரவில்லை என்று அர்த்தம், கேபிளிலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்விட்சின் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் வெறிபிடித்தது மாதிரி மின்னி நெட்வொர்க் மொத்தமும் நின்றுவிட்டதா? யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகியிருக்கிறார்கள். அது யார் என்று தேட வேண்டாம், எல்லோரும் மறுப்பார்கள்.

## ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பது

நெட்வொர்க்கை பிரைவேட் என்று மாற்றி, அந்தக் கேமுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். யார் பென் டிரைவில் என்ன இருக்கிறதோ!

## ஆபீஸ் லேப்டாப்

வீட்டிலேயே இருக்கட்டும்.

## நன்றாக ஆடுபவர்கள் எல்லோரும் ஒரே பக்கம்

புதிதாக வந்தவன் முதல் மூன்று ரவுண்டில் பத்து நொடிக்குள் செத்தால், நாலாவது ரவுண்டில் போனை எடுத்துவிடுவான். அணியை நீங்களே பிரித்துப் போடுங்கள், கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுக்கும் முறை வேண்டாம். கடைசியாக எடுக்கப்படுபவன் அடுத்த தடவை வர மாட்டான். எல்லோரும் ஒரே பக்கம் நின்று கம்ப்யூட்டரை எதிர்க்கும் கேம் ஒன்று நடுவில் இருக்கட்டும். லெஃப்ட் 4 டெட் 2 வந்தது 2009ல், இன்றைக்கு எந்த ஓட்டை சிபியுவிலும் ஓடும், நாலு பேர் சேர்ந்து ஆடலாம்.

## பிரியாணியை கீபோர்டுக்கு முன்னால் வைப்பது

தரையில் பேப்பர் விரித்து, அரை மணி இடைவேளை விட்டு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். சிபியுக்களும் கொஞ்சம் ஆறும்.

## கிளம்பும்போது அவசரப்படுவது

கேபினெட்டைப் படுக்க வைத்து எடுத்துப் போங்கள், மதர்போர்டு தரைக்கு இணையாகவும் கண்ணாடிப் பக்கம் மேலேயும் இருக்கும்படி. நிற்க வைத்து வண்டியின் பின் சீட்டில் கட்டினால், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் கனமான கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டில் தொங்கி ஆடும். ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். அடாப்டர்களில்தான் கடைசி ஆபத்து: மானிட்டருக்கு 19 வோல்ட், ரௌட்டருக்கு 12 அல்லது 9, பின் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், சில சமயம் உள்ளேயும் போய்விடும். வரும்போதே ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, யாருடையது, எதற்கானது என்று மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள். விடிகாலை தூக்கக் கலக்கத்தில் குவியலிலிருந்து எடுத்துக்கொண்டு போனவன் வீட்டில் செருகிய பிறகுதான் உங்களுக்கு போன் செய்வான்.