இதயத்தில் ஓட்டை: எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

முதலில் ஓட்டையின் இடம், மில்லிமீட்டர் அளவு. ஏ.எஸ்.டி. என்றால் மேலறைச் சுவர், வி.எஸ்.டி. என்றால் கீழறைச் சுவர். சிறிய வி.எஸ்.டி. பலவும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் பால் குடிக்கையில் குழந்தைக்கு நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, எடையும் ஏறாவிட்டால் காத்திருக்கக் கூடாது.

செகண்டம் வகை (மேலறைச் சுவரின் நடுப்பகுதியில் இருக்கும்) ஏ.எஸ்.டி.யைச் சுற்றி 5 மி.மீ. அளவுக்கு விளிம்பு இருந்தால் தொடை ரத்தக்குழாய் வழியாகவே டிவைஸ் (ஓட்டையை அடைக்கும் சிறு கருவி) வைக்கலாம். விளிம்பு போதாவிட்டால் அது நழுவும்; ஆபரேஷன்தான். டிவைஸ் வைத்தபின் வழக்கமாக 6 மாதம் ஆஸ்பிரின். அந்த 6 மாதத்தில் பல் பிடுங்க நேர்ந்தால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக்.

பெரிய ஓட்டையைத் தள்ளிப்போட்டு, நுரையீரல் அழுத்தம் கட்டுமீறி உதடு நீலமாகிவிட்டால், மூடுவதே ஆபத்து: வலப்பக்க இதயத்துக்கு அந்த ஓட்டைதான் வடிகால்.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகும்போது பழைய எக்கோ, ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையோடு இருக்கட்டும்.