புது பார்ட்னருடன் டெக்னிக்கல் டைவா? கம்ப்யூட்டரை ஒப்பிடுங்கள்

டெக்னிக்கல் டைவ் என்றால் நேராக மேலே வர முடியாது, வழியில் நின்று நின்றுதான் வர வேண்டும். அதற்கு ஆழமும் நேரமும் பேசினால் மட்டும் போதாது. எங்கே, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரை இருவரும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அந்தக் கணக்கைப் போடும் பூல்மான் அல்காரிதமே இருந்தாலும், எவ்வளவு எச்சரிக்கையாக மேலே வருவது என்பதற்கான அளவை, அதாவது கிரேடியன்ட் ஃபேக்டரை, ஒருவர் 30/70 என்றும் மற்றவர் 50/80 என்றும் வைத்திருந்தால், முதல் ஆள் இன்னும் ஆழத்திலேயே நிற்க ஆரம்பிப்பார். மேலே வரவும் அவருக்குத்தான் அதிக நேரம் ஆகும். அளவை ஒன்றாக்குங்கள். முடியாதா? சரி, கூடுதல் நேரம் காட்டும் கம்ப்யூட்டர் சொல்வதுதான் இருவருக்கும் கணக்கு. இதற்கே அலுத்துக்கொள்பவரோடு நான் இறங்க மாட்டேன்.

கடைசி நிறுத்தம் 6 மீட்டரா, 3 மீட்டரா என்பதையும் கேட்டுவிடுங்கள். அப்புறம் வாயு மாற்றம்: மேலே வரும் வழியில், 50 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் கலவைக்கு 21 மீட்டரில் மாறும்போது, அதைச் சுவாசிக்கக்கூடிய அதிகபட்ச ஆழமாகச் சிலிண்டரில் எழுதியிருப்பதையும், வாயில் வைப்பது அதே சிலிண்டரின் ரெகுலேட்டர்தானா என்பதையும் மற்றவர் சரிபார்க்க வேண்டும். அந்த சிலிண்டர் பயன்படாமல் போனால் என்ன செய்வது என்பதையும் இறங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.