மின்கார் சார்ஜர் பொருத்தும் ஒப்பந்தக்காரர் கவனிக்க வேண்டிய வயரிங் விதிகளும் காப்புறுதியும்

2025 பெப்ரவரியில் இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், சுவரில் சார்ஜர் பொருத்தித் தரும்படி மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வழக்கமான வீட்டு வயரிங் ஒப்பந்தக்காரர்களையே மக்கள் நாடுகிறார்கள். வாட்டர் ஹீட்டர் சில நிமிடங்களில் வேலையை முடித்து அணைந்துவிடும். சார்ஜரோ இரவு முழுவதும் தன் முழு மின்னோட்டத்தையும் இழுத்துக்கொண்டிருக்கும். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்க்கப்போவதும் அந்தச் சுற்று எப்படிப் போடப்பட்டது என்பதையே. ஆகவே வயரிங்கையும் காப்புறுதியையும் விலை சொல்வதற்கு முன்னரே சேர்த்து யோசிப்பது நல்லது.

முதலில் மீற்றரைப் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலானவை ஒருமுனை 30 அம்பியர் இணைப்புடையவை. 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 6.9 கிலோவாட். கடையில் விற்கப்படும் 7.4 கிலோவாட் சார்ஜர் 32 அம்பியர் கேட்பதால், தண்ணீர் மோட்டரையும் குளிரூட்டியையும் கணக்கில் சேர்க்காமலேயே இணைப்பின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. மும்முனை 30 அம்பியர் இணைப்பில் 11 கிலோவாட் சார்ஜர் ஒரு முனைக்கு 16 அம்பியர் எடுப்பதால் இடம் உண்டு. 22 கிலோவாட் சார்ஜருக்கு இடமில்லை. இணைப்பை உயர்த்த மின்விநியோக நிறுவனத்திடம், அதாவது நாம் மின்சார சபை என்றே பழகிவிட்ட இடத்தில், வீட்டுக்காரரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இல்லையேல் சார்ஜரின் உள்ளமைப்பில் மின்னோட்டத்தை 16 அம்பியராகக் குறைத்துப் பூட்டி, அந்த அளவை எழுத்தில் கொடுங்கள். பழைய 15 அம்பியர் பிளக்கிலிருந்து வயர் இழுத்துச் சமாளிக்கச் சொல்லும் வாடிக்கையாளரிடம் மறுத்துவிடுவதே சரி.

இலங்கையில் நாம் பின்பற்றும் பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய வயரிங் விதிகளின் 722ஆம் பிரிவு மின்வாகன சார்ஜிங் பற்றியது. அதில் அதிகம் தவறவிடப்படுவது, மின்கசிவு வந்தால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச்சின் வகை. வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் ஏ.சி. வகை. காரின் மின்னணுப் பகுதியிலிருந்து நேர்மின்னோட்ட (டி.சி.) கசிவு வந்தால் இவ்வகைச் சுவிட்ச்சின் உணர்திறன் மங்கிவிடுவதால், உண்மையான கசிவு வரும்போது அது விழாமலே இருந்துவிடக்கூடும். எனவே ஒவ்வொரு சார்ஜருக்கும் தனியாக நேர்மின் கசிவையும் உணரும் 30 மில்லிஅம்பியர் பி வகை ட்ரிப் சுவிட்ச்சோ, 6 மில்லிஅம்பியர் நேர்மின் கசிவைக் கண்டறியும் அமைப்புடன் சேர்ந்த ஏ வகையோ வேண்டும். அந்தக் கண்டறியும் அமைப்பு சார்ஜருக்குள்ளேயே இருக்கிறதா என்பதை, விற்பனையாளரின் வாய்ச்சொல்லை நம்பாமல், கையேட்டில் பார்த்து உறுதிசெய்யுங்கள். சார்ஜர் சுற்றை வீட்டின் பழைய ட்ரிப் சுவிட்ச்சுக்குப் பின்னால் போட்டால் புதிய சாதனம் சரியாக இருந்தும் பழையது மங்கிப்போகலாம். அதனால் மெயின் சுவிட்ச்சிலிருந்தே தனிப்பாதை பிரித்தெடுப்பது மேல்.

நம் பகுதியில் எர்த் தனி விடயம். வீட்டு எர்த் அந்த வளவில் நிலத்தில் அடித்த உலோகக் கம்பியான றொட்டையே நம்பியிருப்பதால், பழுது நேர்ந்தால் உயிரைக் காப்பது ட்ரிப் சுவிட்ச்தான். எர்த் தடை 200 ஓமைத் தாண்டினால் அதை நிலையானதாகக் கொள்ள முடியாது. கல்லடியிலும் நாவலடியிலும் உள்ள கடற்கரை மணல் மாரியில் நல்ல அளவு காட்டும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் அதே றொட்டின் தடை ஏறிவிடும். மாரியில் அளந்தீர்களானால் கோடையில் மீண்டும் அளப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மேலும், நிலத்தடி ஈரத்தைத் தொடுமளவு ஆழமாக அடியுங்கள். உப்புநீர் அரிக்கும் என்பதால் செப்புப் பூச்சுள்ள றொட்டைப் பயன்படுத்துங்கள்.

வெளிச்சுவருக்கான சாதனத்தில் நீர்த்துளி புகாத ஐ.பி.44 தரம் ஆகக் குறைந்தது. உப்புக்காற்று அடிக்கும் கரையோரத்தில் ஐ.பி.65 கேட்பது மிகையாகாது. 2011 ஜனவரி வெள்ளத்தை நினைவில் வைத்திருக்கும் அயலவரிடம் அந்த வளவில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று கேட்டு, அதற்கு மேலே சார்ஜரையும் இணைப்புப் பெட்டியையும் பொருத்துங்கள்.

இனி காப்புறுதி. மூன்றாம் நபருக்கான பொறுப்புக் காப்புறுதி உங்களிடம் இருந்தாலும், பத்திரத்தில் உங்கள் தொழில் எப்படி விவரிக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். "வீட்டு வயரிங்" என்று மட்டும் இருந்தால், மின்வாகன சார்ஜர் பொருத்துவதையும் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். முக்கியமான விபரத்தைச் சொல்லாமல் விட்டால் நட்டஈட்டை மறுக்க நிறுவனத்துக்கு அதுவே காரணமாகிவிடும். அடுத்து, பாதுகாப்பு எப்போது முடிகிறது என்பது. வேலை நடக்கும் காலத்துக்கான காப்புறுதி பொதுவாக ஒப்படைப்போடு நின்றுவிடுகிறது. சார்ஜர் சூடேறித் தீப்பிடிப்பதோ பல மாதங்களுக்குப் பிறகு. முடிந்த வேலையால் பின்னர் ஏற்படும் சேதத்துக்கும் பொறுப்பு உண்டா என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பிழையாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும் செலவைப் பெரும்பாலான பத்திரங்கள் ஏற்பதில்லை. அந்தப் பிழையால் எரிந்த காரும் வீடும் வேறு கணக்கு. புதிய மின்கார் ஒன்றின் விலையே ஒரு கோடி ரூபாயைத் தாண்டக்கூடியதால், வயரிங் வேலைக்கென்று முன்பு எடுத்த காப்புறுதித் தொகை இப்போது போதாமல் போகலாம்.

உங்களோடு வரும் பையனுக்கு மின்சாரம் தாக்கினால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் முன்னே வந்து நிற்கும். அதற்கான காப்புறுதியில் ஆட்களின் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் குறைத்துக் காட்டிக் கட்டுப்பணத்தை மிச்சம்பிடிப்பது அநியாயம் என்பதோடு ஆபத்தும்கூட.

அறுகம்பை விருந்தினர் விடுதிகளில் பொருத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கு சார்ஜரைத் தொடப்போவது வீட்டார் அல்ல, பழக்கமில்லாத பயணிகள். கேபிள் நடைபாதையில் குறுக்கே கிடக்காமலிருக்கக் கொக்கியும், உடனே அணைக்கக்கூடிய இடத்தில் சுவிட்ச்சும் வையுங்கள். சார்ஜர் பொருத்தியதைத் தம் தீக்காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்கும்படி உரிமையாளருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள்.

ஒப்படைக்கும் நாளில் காப்புத்தடை, எர்த் தடை, ட்ரிப் சுவிட்ச் விழுந்த நேரம் ஆகியவற்றைத் திகதியுடன் பதிந்து, மூடியைப் போடுமுன் இணைப்புகளைப் படமெடுத்து, சாதனங்களின் தொடரிலக்கங்களையும் சேர்த்து ஒரு பிரதியை வாடிக்கையாளரிடமும் மற்றொன்றை உங்கள் கோவையிலும் வையுங்கள்.